பிலிப்பைன்ஸ் கடவுச்சீட்டில் கோஸ்டா ரிக்கா: விசா வேண்டாம் என்றால் வேறு என்னவெல்லாம் வேண்டும்?

கேள்வி: மக்காத்தி மலர்

வணக்கம். மனிலாவின் மக்காத்தியில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என்னுடன் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் தோழியர் இருவர் வரும் பிப்ரவரியில் பதினெட்டு நாள் கோஸ்டா ரிக்காவுக்குச் செல்வதென்று முடிவு செய்து, என்னையும் உடன் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்ற ஒரே காரணத்தால் ஏற்பாடுகளைச் செய்யும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்திருக்கிறது.

பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு அங்கே விசா தேவையில்லை என்று ஓரிடத்திலும், தேவை என்று வேறோரிடத்திலும் படித்துக் குழம்பிப்போயிருக்கிறேன். தோழியரில் ஒருவரிடம் ஜப்பானுக்குப் பலமுறை சென்றுவரும் விசா இருக்கிறது. மற்றவர் ஹாங்காங்கையும் சிங்கப்பூரையும் தவிர வேறெங்கும் போனதில்லை. இருவரிடமும் அமெரிக்க விசா இல்லை. என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டும், அதில் பலமுறை நுழைவுக்கான அமெரிக்கச் சுற்றுலா விசாவும் உள்ளன. இணையத்தில் கிடைக்கும் மலிவான பயணச்சீட்டுகள் எல்லாம் லாஸ் ஏஞ்சலிஸ் அல்லது ஹூஸ்டன் வழியாகவே இருக்கின்றன. அவற்றை எடுக்கலாமா? மனிலா விமான நிலையத்தில் முதன்முறை நெடும்பயணம் போகிறவர்களைத் தடுத்து நிறுத்துகிறார்கள் என்று அந்த இரண்டாவது தோழி பயப்படுகிறார். அதற்கு என்ன தயாரிப்பு வேண்டும்? அங்கே போய் இறங்கியபின் தெரிந்திருக்க வேண்டியவற்றையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் குறித்துக்கொள்வேன்.

மறுமொழி 1: பயணமேசை

சகோதரிக்கு வணக்கம். நான் பயணச்சீட்டுப் பதிவுத் தொழிலில் இருப்பவன் என்பதால், மற்றவற்றை விட்டுவிட்டு விசாவையும் வழித்தடத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் குழப்பம் நியாயமானதுதான். கோஸ்டா ரிக்கா உலக நாடுகளை நான்கு தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் இரண்டாம் தொகுதியில் வருகிறது: விசா தேவையில்லை, ஆனால் தங்கும் காலம் 30 நாள். முதல் தொகுதி நாட்டவருக்குக் கிடைக்கும் நீண்ட காலத்தை எல்லாருக்கும் பொதுவென்று எழுதும் தளங்களை நம்பிவிட வேண்டாம். 30 நாளுக்கு மேல் இருக்க விரும்புவோர் காலம் முடிவதற்குள் சான் ஹோசேயில் உள்ள குடிவரவுத் துறையிடம் நீட்டிப்புக் கோரலாம். எல்லாம் சேர்த்து 90 நாளைத் தாண்ட முடியாது. உங்கள் பதினெட்டு நாளுக்கு அந்தக் கவலையே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூவரில் விசா விஷயத்தில் யோசிக்க வேண்டியவர் நீங்கள்தான். இந்தியா மூன்றாம் தொகுதியில் உள்ளது; அதாவது தூதரகத்தில் முன்கூட்டியே விசா பெற வேண்டியவர்கள். பலமுறை நுழைவுக்கான அமெரிக்க விசா நடப்பில் இருப்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள். பயண நாளிலும் அது செல்லுபடியாக இருக்கிறதா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இனி வழித்தடத்துக்கு வருகிறேன், ஏனெனில் பிலிப்பைன்ஸ் பயணிகள் தடுக்கி விழும் இடம் இதுதான். அமெரிக்க விமான நிலையங்களில் குடிவரவைக் கடக்காமல் விமானம் மாறும் வசதி கிடையாது. இரண்டு மணி நேரம் மட்டுமே ஹூஸ்டனில் இருந்தாலும் இடைவழி விசாவோ சுற்றுலா விசாவோ வேண்டும். ஆகவே நீங்கள் பார்த்த மலிவான பயணச்சீட்டுகள் உங்களுக்கு மட்டுமே பொருந்தும், உங்கள் தோழியருக்கு அல்ல. கனடாவும் எளிதில்லை: விசா இல்லாமல் இடைவழியாகக் கடக்கப் பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கு அது வைத்திருக்கும் திட்டத்துக்கும், 2023 ஜூனிலிருந்து அவர்களுக்குத் திறந்துவிட்ட மின்னணுப் பயண அனுமதிக்கும், அமெரிக்க விசாவோ முன்பு பெற்ற கனடா விசாவோ முன்நிபந்தனையாக இருக்கிறது.

மெக்சிகோவுக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டவர் விசா பெற வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஒரே பொது விசா வழங்கும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள், ஜப்பான் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா உள்ளவர்களுக்கு மெக்சிகோ விலக்களிக்கிறது. ஜப்பான் விசா உள்ள தோழி தோக்கியோ, மெக்சிகோ நகரம் வழியாகச் சான் ஹோசே போய்விட முடியும் என்பது பலருக்குத் தெரியாத வழி. மற்றவருக்கு அது உதவாதே என்பதால், மூவரும் ஒன்றாகப் போவதற்கு ஐரோப்பாவையோ இஸ்தான்புல்லையோ பார்ப்பதுதான் முறை. மாட்ரிட், ஆம்ஸ்டர்டாம், பிராங்பர்ட் ஆகிய நகரங்களிலிருந்து சான் ஹோசேக்கு நேரடி விமானங்கள் உள்ளன. ஷெங்கன் நாடுகளின் பொதுவான விமான நிலைய இடைவழி விசாப் பட்டியலில் பிலிப்பைன்ஸ் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாடும் தனக்கென்று கூடுதல் பட்டியல் வைத்துக்கொள்ளும் உரிமை உள்ளதால், எந்த நகரத்தில் மாறுகிறீர்களோ அந்த நாட்டின் பட்டியலை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். இஸ்தான்புல் வழியாகப் பனாமா போய், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பறப்பில் சான் ஹோசே சேர்வது இன்னொரு வழி.

எந்த வழியானாலும் முழுப் பயணமும் ஒரே பயணச்சீட்டில் இருக்க வேண்டும். இரண்டு தனிச்சீட்டுகளாக எடுத்துப் பணம் மிச்சம் பிடித்தால், இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கக் குடிவரவைக் கடந்து வெளியே வர நேரும், அப்போது அந்த நாட்டின் விசா கட்டாயமாகிவிடும். திரும்பும் வழியையும் இதே கண்ணோடு பாருங்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு தம்பதியர் தாமே இணையத்தில் எடுத்திருந்த சீட்டில் போகும் வழி ஐரோப்பாவாகவும் வரும் வழி அமெரிக்காவாகவும் இருந்தது. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. மனிலாவிலேயே விமான நிறுவனத்தின் பதிவு மேசையில் கவனித்துவிட்டார்கள், அன்று அவர்கள் புறப்படவில்லை. மேசையில் இருப்பவர் தம் மனம்போல முடிவெடுப்பதில்லை, யாருக்கு எந்த ஆவணம் வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்குச் சொல்லும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் வருவதைத்தான் பார்ப்பார். பணம் கட்டுவதற்கு முன்பே விமான நிறுவனத்தை அழைத்து, ஒவ்வொருவரின் கடவுச்சீட்டையும் சொல்லி அந்தத் தளத்தில் என்ன வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: இலோயிலோ மருமகன்

என் மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர். இருவரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோஸ்டா ரிக்கா போய்வந்தோம். நாங்கள் அதிகம் பதற்றப்பட்டது அங்கே இறங்கும்போது அல்ல, மனிலாவில் ஏறும்போதுதான்.

ஆஃப்லோட், அதாவது விமானம் ஏறவிடாமல் நிறுத்திவிடுவது, என்ற சொல்லைக் கேட்டாலே அந்நாட்டுப் பயணிகளுக்கு வயிற்றைக் கலக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆள்கடத்தலைத் தடுப்பதற்காக, வெளிநாடு செல்லும் தம் குடிமக்களைக் குடிவரவு அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். பதில்களில் ஐயம் எழுந்தால் இரண்டாம் கட்ட விசாரணைக்கு அழைத்துப் போகிறார்கள், அங்கேயும் நிறைவில்லை என்றால் பயணம் நிறுத்தப்படுகிறது. 2023 ஆகஸ்டில் இதற்கான ஆவணப் பட்டியலை விரிவாக்கி ஒரு புதிய வழிகாட்டுதல் வந்தது. மேலவையில் கிளம்பிய எதிர்ப்புக்குப் பின் அதே மாத இறுதியில் அது நிறுத்திவைக்கப்பட்டது. அந்தச் சமயத்துச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பலர் இன்றும் பள்ளிச் சான்றிதழ்வரை தூக்கிக்கொண்டு போகிறார்கள். அடிப்படையில் கேட்கப்படுவது கடவுச்சீட்டு, விமானத்தில் ஏறும் சீட்டு, திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு ஆகியவையே. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

ஆனால் முதன்முறை இவ்வளவு தூரம், அதுவும் விசா கேட்காத ஒரு நாட்டுக்குப் போகும் இளம் பெண்ணிடம் கூடுதலாகக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே போங்கள். வேலையில் இருப்பதற்கான சான்று, விடுப்பு அனுமதிக் கடிதம், தங்கும் விடுதிகளின் முன்பதிவு, வங்கிக் கணக்கின் நிலை ஆகியவற்றைத் தோழியர் இருவரும் தனித்தனியே அச்செடுத்துக் கையில் வைத்திருக்கட்டும். ஒருவரின் காகிதங்கள் மற்றவரின் பையில் இருக்கக் கூடாது, ஏனென்றால் இருவரும் வேறு வேறு வரிசையில் நிற்க நேரலாம், நீங்களோ வெளிநாட்டவர் வரிசைக்குப் போய்விடுவீர்கள். செலவை வேறொருவர் ஏற்பதாக இருந்தால் உறவுக்கும் ஆதரவுக்கும் தனிப் பத்திரம் கேட்பார்கள்; அவரவர் செலவு அவரவருடையது என்றால் அதை அப்படியே சொன்னால் போதும். என் மனைவியிடம் கேட்ட கேள்விகள் மூன்றுதான்: ஏன் அந்த நாடு, எத்தனை நாள், திரும்பி வந்து எந்த வேலை. பயணத்திட்டத்தை நீங்கள் மட்டும் மனப்பாடமாக வைத்திருந்து, அவர்கள் "மலரைக் கேளுங்கள்" என்று சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். முதல் இரவு எந்த ஊரில் தங்குகிறோம் என்று தெரியாமல் விழிப்பதைவிட ஐயத்தைக் கிளப்புவது வேறெதுவும் இல்லை.

இ-டிராவல் எனப்படும் பயணிகளுக்கான இணையப் பதிவைப் புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் செய்து, வரும் கியூஆர் குறியைச் சேமித்துக்கொள்ளுங்கள். அது இலவசம்; பணம் கேட்கும் தளம் போலி. பயண வரி என்று ஒன்று உண்டு, நாங்கள் கட்டியபோது பொதுவகுப்புக்கு ஆளுக்கு 1,620 பேசோ. அது பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள் சகோதரி, ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவரும் கட்ட வேண்டும். ஐந்து ஆண்டு இருந்த உங்களை விடமாட்டார்கள்.

சான் ஹோசேயின் ஹுவான் சாந்தமரியா விமான நிலையத்தில் எங்களுக்குப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நாட்டைவிட்டு வெளியேறும் பயணச்சீட்டு, தங்குமிடம், தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் குறைந்தது 100 அமெரிக்க டாலர் கையிருப்பு ஆகியவற்றைக் காட்டச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எங்களிடம் முதலாவதை மட்டுமே கேட்டார்கள். எத்தனை நாள் அனுமதித்திருக்கிறார்கள் என்பதை அந்த இடத்திலேயே பார்த்துவிட்டு நகருங்கள்.

பெயரைப் பற்றி ஒன்று. பிலிப்பைன்ஸ் வழக்கில் இடையில் வருவது தாயின் குடும்பப்பெயர், கடைசியில் வருவது தந்தையுடையது. கோஸ்டா ரிக்காவில் தந்தையின் பெயர் முன்னால் வரும், தாயின் பெயர் கடைசியில் வரும். இரண்டும் ஸ்பானியப் பெயர்களாக இருப்பதால் அங்கே உள்ளவர்கள் தம் வழக்கப்படியே படித்துக்கொள்கிறார்கள். என் மனைவியின் விடுதி முன்பதிவைத் தேடிக் கிடைக்காமல் அரை மணி நேரம் போனபின், அது அவருடைய அம்மாவின் பெயரில் பதிவாகியிருந்தது தெரிந்தது. படிவங்களை நிரப்பும்போது கடவுச்சீட்டைக் காட்டி, அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

மக்காத்தி மலர்

இருவருக்கும் மிக்க நன்றி. அமெரிக்க வழிச் சீட்டுகளை இன்று மாலை எடுப்பதாக இருந்தேன், நல்லவேளை தப்பினேன். திரும்பும்போது பெரூவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு தோழி இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறார், அங்கேயும் அவர்களுக்கு விசா வேண்டாமாமே. அப்படியே பக்கத்திலிருக்கும் பனாமாவுக்குப் பேருந்தில் எட்டிப்பார்க்கவும் ஆசைப்படுகிறார்கள். இவற்றில் சிக்கல் ஏதேனும் உண்டா?

மறுமொழி 1: பயணமேசை

பெரூவில் பிலிப்பைன்ஸ் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா தேவையில்லை என்பது சரி. நீங்கள் உங்களுக்கான விதியைத் தனியே பாருங்கள். கவனிக்க வேண்டியது வரிசையை. பெரூ, பிரேசில், கொலம்பியா போன்ற நாடுகளில் இருந்துவிட்டுக் கோஸ்டா ரிக்காவுக்குள் வருபவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள், அதுவும் நுழைவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். முதலில் கோஸ்டா ரிக்கா, பிறகு பெரூ என்று வைத்துக்கொண்டால் இந்த நிபந்தனை எழாது. எதற்கும் மனிலாவில் தொற்றுத்தடைக் காப்பு அலுவலகத்திலேயே அந்த ஊசி போட்டு மஞ்சள் அட்டை தருகிறார்கள். வாழ்நாள் முழுதும் செல்லும்.

பனாமாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. கோஸ்டா ரிக்காவின் சலுகை அண்டை நாடுகளுக்குச் செல்லுபடியாகாது. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா, எல் சல்வதோர், ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய நான்கும் தமக்குள் பொதுப் பயண உடன்பாடு வைத்திருக்கின்றன; கோஸ்டா ரிக்காவும் பனாமாவும் அதில் இல்லை. விமான நிலையத்துக்கு உள்ளேயே விமானம் மாறுவது வேறு, பாசோ கனோவாஸ் எல்லையில் காலால் நடந்து நாட்டுக்குள் நுழைவது வேறு.

மறுமொழி 3: ஆறாண்டு தீக்கோ

தாமதமாக வருகிறேன். சான் ஹோசேயில் ஆறு ஆண்டுகள் வசித்தவன். அந்நாட்டவர் தம்மைத் தீக்கோ என்று சொல்லிக்கொள்வார்கள், இந்தப் பெயருக்கு அதுவே காரணம்.

பிப்ரவரி நல்ல தேர்வு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம், பசிபிக் கரை முழுவதும் வெயில் காயும். கூட்டமும் விலையும் அதற்கேற்ப உச்சத்தில் இருக்கும் என்பதால் விடுதிகளை இப்போதே பதிவு செய்யுங்கள். தேசியப் பூங்காக்களின் நுழைவுச்சீட்டுகளையும் அப்படியே. குறிப்பாக மனுவேல் அந்தோனியோவில் வாயிலில் சீட்டு விற்பதில்லை, இணையத்தில் மட்டுமே, செவ்வாய்க்கிழமை விடுமுறை. தோர்த்துகேரோவில் பச்சைக் கடலாமைகள் முட்டையிடுவது ஜூலை முதல் அக்டோபர் வரைதான் என்பதால், ஆமை பார்க்கும் ஆசையில் படகேறிப் போய் ஏமாற வேண்டாம். கால்வாய்களுக்காகப் போனால் அழகான இடம். மோந்தேவெர்தே மேகக்காட்டுக்குப் பிலிப்பைன்ஸின் மலைநகரான பாகியோவுக்கு எடுத்துப்போகும் மேற்சட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதே அளவுக் குளிர்தான். அரேனால் எரிமலை 1968 இல் வெடித்து 2010 வரை கனன்றுகொண்டிருந்தது, இப்போது ஓய்ந்திருக்கிறது. செந்நெருப்பு வழியும் பழைய படங்களைக் காட்டி இரவுச் சுற்றுலா விற்றால் வாங்காதீர்கள். அடிவாரத்து வெந்நீர் ஊற்றுகளில் ஒரு மாலை உட்கார்ந்தாலே பயணச் செலவு சரியாகிவிடும்.

பிலிப்பைன்ஸ் பேசோவை அங்கே எவரும் மாற்றித் தரமாட்டார்கள். கிழிசலோ எழுத்தோ இல்லாத சிறிய டாலர் தாள்களாகக் கொண்டுபோங்கள். டாலரைப் பல கடைகளில் நேரடியாகவே வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் பேருந்துக்கும் சிற்றுணவகங்களுக்கும் அந்நாட்டு நாணயமான கொலோன் வைத்திருப்பது நல்லது. உணவக விலையில் 13 விழுக்காடு வரியும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேரும். இரண்டும் அடங்கிய விலைதானா என்று பட்டியலில் பார்த்தபின் உணவைச் சொல்லுங்கள். ஆடம்பர உணவகங்களைவிட்டு, சோடா என்று பெயர்ப்பலகை தொங்கும் இடங்களுக்குப் போனால், சோறு, பயறு, வறுத்த வாழைப்பழம், இறைச்சி எல்லாம் ஒரே தட்டில் வைத்துக் கசாதோ என்று தருவார்கள். காலையில் காயோ பிந்தோ, அதாவது கறுப்புப் பயற்றோடு கிளறிய முந்தையநாள் சோறு. பூண்டுச் சோறு தின்று வளர்ந்த உங்கள் தோழியருக்கு மூன்று வேளையும் சோறு கிடைக்கும் அந்நிய நாடு வேறு எங்கே கிடைக்கப்போகிறது!

முகவரி விஷயத்தில்தான் கணக்குத் தணிக்கையாளரான உங்களுக்குத் தலை சுற்றும். பெரும்பாலான வீடுகளுக்குக் கதவிலக்கம் கிடையாது. "தேவாலயத்திலிருந்து வடக்கே 200 மீட்டர், கிழக்கே 50 மீட்டர்" என்பதே முகவரி. அதில் 100 மீட்டர் என்றால் ஒரு தெருக்கட்டு என்று பொருள், அளவுநாடாவால் அளந்த தூரமல்ல. விடுதியின் இருப்பிடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். சான் ஹோசேயில் வெளியூர்ப் பேருந்துகளுக்கு ஒரே நிலையம் கிடையாது, ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு நிறுவனம், ஒவ்வொரு நிலையம். அரசு அனுமதி பெற்ற வாடகைக் கார்கள் சிவப்பு நிறத்தில் கதவில் மஞ்சள் முக்கோணத்தோடு இருக்கும். விமான நிலையத்தில் ஆரஞ்சு நிறம். கார் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், இணையத்தில் காட்டும் தொகையில் கட்டாயக் காப்பீடு சேராது, மேசையில் அது தனியாக ஏறும். நிறுத்திய காரில் கடவுச்சீட்டை மட்டுமல்ல, கண்ணில் படும்படி ஒரு பையைக்கூட வைத்துவிட்டுப் போகாதீர்கள். கடவுச்சீட்டு தொலைந்தால் பெரிய தொல்லை, ஏனென்றால் பிலிப்பைன்ஸுக்கு அங்கே தூதரகம் கிடையாது, மெக்சிகோ நகரத்தில் உள்ளதே அந்நாட்டையும் கவனிக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் தோழியரின் குடும்பப்பெயரைப் பார்த்ததும் அங்கே உள்ளவர்கள் சரளமாக ஸ்பானியத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். மேசை, கரண்டி, சப்பாத்து, கிழமைப் பெயர்கள், மணி சொல்லும் எண்கள் என்று அவர்கள் பேசும் தகலோகு மொழியில் இருக்கும் ஸ்பானியச் சொற்கள் பாதி வேலையை முடித்துவிடும். மீதிப் பாதியில் பள்ளம் உண்டு. தகலோகில் சிகூரோ என்றால் "ஒருவேளை". ஸ்பானியத்தில் செகூரோ என்றால் "நிச்சயமாக". நாளைக் காலைச் சுற்றுலாவுக்கு வருவீர்களா என்று கேட்டவரிடம் என் பிலிப்பைன்ஸ் நண்பர் ஒருவர் சிகூரோ என்று தலையாட்டிவிட்டு அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி வாசலில் நின்றது. அதைப்போலவே தகலோகில் குபேதா என்றால் கழிப்பறை, ஸ்பானியத்தில் வாளி. உணவகத்தில் அவசரமாகக் கேட்டால் தண்ணீர் மொள்ள எதையாவது எடுத்துவந்து கொடுப்பார்கள்.

மக்காத்தி மலர்

அந்தச் சிகூரோ கதையை அலுவலகத்தில் படித்துக் காட்டினேன், இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்கள். இஸ்தான்புல், பனாமா வழியாக ஒரே சீட்டு என்று முடிவு செய்துவிட்டோம். பணம் கட்டுமுன் விமான நிறுவனத்தை மூவரின் கடவுச்சீட்டுக்கும் தனித்தனியே கேட்டுவிடுகிறேன். கடைசியாக ஒரு சிறு கேள்வி: ஒரு தோழி தம் சிறிய சோறு வடிக்கும் மின்பாத்திரத்தையும் கூந்தல் உலர்த்தியையும் எடுத்துவர நினைக்கிறார். செருகி இரு நாட்டிலும் ஒரே வடிவம் என்று படித்தேன், அப்படியே சொருகலாமா?

மறுமொழி 3: ஆறாண்டு தீக்கோ

சொருகலாம், சோறுதான் வேகாது. இரண்டு தட்டைக் கம்பிகள் உள்ள செருகியின் வடிவம் ஒன்றே, மின்னழுத்தம் வேறு: பிலிப்பைன்ஸில் 220 வோல்ட், கோஸ்டா ரிக்காவில் 120. கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் மின்னேற்றிகள் இரண்டையும் தாங்கும், அதன் மேலேயே எழுதியிருக்கும். மின்பாத்திரம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், உலர்த்தி பெருமூச்சு விடும். மறுபுறம், அங்கே வாங்கிய 120 வோல்ட் பாத்திரத்தை ஊருக்குக் கொண்டுவந்து சொருகிவிட வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவையுங்கள்; என் வீட்டுச் சமையலறைச் சுவரில் இன்னும் அந்தக் கரி இருக்கிறது.